"சிஸ்டர், இந்த டியூப் இன்னைக்கும் வேணுமா?" - ஸ்ட்ரோக் வந்த வீடுகள் கேட்க வேண்டிய கேள்வி

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 29 உலக பக்கவாத தினம். அன்று எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் தவறாமல் ஒரு கார்டு தயாராகும். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் நேரம் கடத்தாதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள் என்று படங்களோடு போடுவோம். யாரோ ஒருவரையாவது அது சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் அடுத்த வருஷமும் போடுவோம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது எதுவும் அந்தக் கார்டில் இருக்காது. கை எப்போது வரும், கால் எப்போது வரும், பேச்சு எப்போது திரும்பும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். யூரின் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூச்சம். சொல்லவும் கூச்சம். கட்டில் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்தப் பையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் ஆயாவின் உயிருக்குப் பக்கவாதம் வைத்த ஆபத்தைவிட, அதற்குப் பிறகு வந்த யூரின் இன்ஃபெக்‌ஷன் வைத்த ஆபத்து பெரிதாகிவிட்டது. இப்படி நடக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் முன்பே தெரியாது. உங்கள் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

போட்டதற்குக் காரணம் இருந்தது

எங்கள் வீடு திருநின்றவூரில். ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவர். வயது 74. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. போன ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று இடது கையும் இடது காலும் வரவில்லை. ஆம்புலன்ஸ், ஸ்கேன், ஐ.சி.யூ என்று அன்றைய பகல் ஓடியது. இரவில் ஆயாவுக்கு அடிவயிறு கல் மாதிரி இறுகிவிட்டது. யூரின் வரவில்லை. டியூப் போட்டார்கள். போட்டவுடனேயே பை பாதிக்கு மேல் நிறைந்ததாக சிஸ்டர் சொன்னார்.

அந்த இரவு அந்த டியூப் தேவைப்பட்டது. அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. சிறுநீர்ப்பை நிறைந்துவிட்டது என்ற தகவல் மூளைக்குப் போக வேண்டும், 'இப்போது போகலாம்' என்று மூளை உத்தரவு தர வேண்டும். பக்கவாதம் இந்தப் போக்குவரத்தையும் குழப்பிவிடும். சிலருக்கு ஆரம்பத்தில் யூரின் அடைத்துக்கொள்ளும். பலருக்கு அடக்க முடியாமல் தானாகப் போய்விடும். பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் பிரச்னை வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்பதுதான் ஆறுதலான செய்தி.

இந்த டியூப்புக்கு 'ஃபோலி கதீட்டர்' என்று பெயர். 1930-களில் இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவரின் பெயர் அது. டியூப்புக்குள் இரண்டு பாதைகள். ஒன்றில் சிறுநீர் வெளியே வரும். இன்னொன்றின் வழியாக, உள்ளே இருக்கும் சின்ன பலூனில் சுமார் 10 மில்லி தண்ணீர் ஏற்றுவார்கள். சிறுநீர்ப்பைக்குள் அந்த பலூன் உப்பி நிற்பதால்தான் டியூப் நழுவி வெளியே வராது. கிட்டத்தட்ட 90 வருஷம் ஆகியும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. அதன் பெரிய பலவீனமும் மாறவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை சதவிகிதம்?

சிறுநீர் ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் பாதையில் ஒட்டியிருக்கும் கிருமிகளைக் கழுவிக்கொண்டு போகிறது. உடம்பு தானே வைத்திருக்கும் துப்புரவு ஏற்பாடு இது. டியூப் போட்டதும் அந்த ஏற்பாடு நின்றுபோகிறது. கிருமிகள் டியூப்பின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒட்டிக்கொண்டு, வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியின் சுவரில் பாசி படிவது மாதிரி. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்தால் எளிதில் நெருங்க முடியாது.

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவிகிதம் வரை கூடிக்கொண்டே போகிறது. ஒரு மாதம் தொடர்ந்து டியூப் இருந்தால், ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். கிருமி இருப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது. ஆனால் அவர்களில் சிலருக்கு அது நோய்த்தொற்றாக மாறி, சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்தத்திலும் கலக்கும்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். படுத்தே இருப்பார்கள். விழுங்க முடியாததால் தண்ணீர் குறைவாகக் குடிப்பார்கள். பக்கவாதமே உடம்பின் எதிர்ப்பு சக்தியைச் சில நாள்களுக்குத் தாழ்த்திவிடும். எரிகிறது, வலிக்கிறது என்று சிலரால் வாய் திறந்து சொல்ல முடியாது. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாயின் நீளமே 4 செ.மீ அளவுதான் என்பதால் கிருமிக்கு உள்ளே போகும் தூரமும் குறைவு. சர்க்கரை இருந்தால் சொல்லவே வேண்டாம். எங்கள் ஆயாவுக்கு இதில் எல்லாமே இருந்தது.

அதனால்தான் அமெரிக்க இதய சங்கமும் பக்கவாத சங்கமும் சேர்ந்து வெளியிடும் வழிகாட்டுதல், பக்கவாத நோயாளிகளுக்கு வழக்கமான ஒரு சடங்கு மாதிரி டியூப் போடக் கூடாது என்கிறது. போட்டிருந்தாலும், தேவை முடிந்தவுடன் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுத்துவிட வேண்டும்.

ஒரு வரிகூட இல்லாத டிஸ்சார்ஜ் சம்மரி

மூன்றாவது நாள் ஆயாவை ஐ.சி.யூவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். டியூப்பும் கூடவே வந்தது. பிசியோதெரபிஸ்ட் வந்து காலை மடக்கி நீட்டினார். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஏழாவது நாள் டிஸ்சார்ஜ். "டியூப்பை பத்து நாள் கழிச்சு ரிவ்யூவுக்கு வர்றப்போ பாத்துக்கலாம்" என்று ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

டிஸ்சார்ஜ் சம்மரி மூன்று பக்கம். காலை மாத்திரை, இரவு மாத்திரை, ஸ்கேன் ரிப்போர்ட், உப்பைக் குறைக்க வேண்டும் என்பது வரை எல்லாம் இருந்தது. டியூப் எப்போது போட்டது, எதற்காகப் போட்டது, எப்போது எடுக்க வேண்டும் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் இருதயாலீஸ்வரர் கோயில் உண்டு. மனதுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் இது. இதயத்தில் கோளாறு உள்ளவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து வேண்டிக்கொண்டு போவார்கள். பக்கவாதத்துக்கும் அவரிடமே சொல்லிவைப்போம் என்று இரண்டு அத்தைகளும் விபூதியோடு வந்தார்கள். அவர்கள் வருகிறார்கள் என்றதும் அம்மா யூரின் பையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். ஆயாதான் மூடச் சொன்னார். பேச்சு குழறினாலும் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

டிஸ்சார்ஜ் ஆன ஐந்தாவது நாள் மாலை ஆயாவுக்குக் குளிர் ஜுரம். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்து வீட்டு அக்கா "உடம்புச் சூடு, நீர்க்கடுப்பா இருக்கும், பார்லி கஞ்சி குடுங்க" என்றார். ஒரு மணி நேரத்தில் ஆயா கண்ணைத் திறக்கவில்லை, அப்பாவை அடையாளம் தெரியவில்லை. மறுபடியும் ஸ்ட்ரோக் வந்துவிட்டது என்றே நினைத்தோம். ராத்திரியோடு ராத்திரியாக வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கிருந்த டியூட்டி டாக்டர் இளைஞர். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் இரண்டு கேள்விகள்: "டியூப் எப்போ போட்டாங்க? எதுக்குப் போட்டாங்க?"

ஃபைலைப் புரட்டினோம். அதில் இல்லை. "இன்னையோட பன்னெண்டு நாள் சார். முதல் நாள் ராத்திரி யூரின் வரலைனு போட்டாங்க" என்று அம்மாதான் சொன்னார். வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பவர் அவர். ஒரு நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு மருமகளின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது.

புது ஸ்ட்ரோக் இல்லை. யூரின் இன்ஃபெக்‌ஷன் ரத்தத்தில் கலந்திருந்தது.

டாக்டர்களே மறந்துபோகும் டியூப்

இதை ஓர் ஆஸ்பத்திரியின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இது உலகம் முழுக்க இருக்கும் வியாதி.

சஞ்சய் செயின்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2000-ம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்டது மிக எளிமையான கேள்வி. 'உங்கள் நோயாளிகளில் யாருக்கெல்லாம் யூரின் டியூப் இருக்கிறது?' நான்கு ஆஸ்பத்திரிகளில் மருத்துவர்களிடம் கேட்டார்கள். மொத்தத்தில் 28 சதவிகிதம் பேருக்குத் தங்கள் நோயாளிக்கு டியூப் இருப்பதே தெரியவில்லை. மருத்துவ மாணவர்களில் அது 21 சதவிகிதம். பொறுப்பில் இருந்த மூத்த மருத்துவர்களில் 38 சதவிகிதம். பதவி ஏற ஏற மறதியும் ஏறியிருக்கிறது. தேவையே இல்லாமல் டியூப் இருந்த நோயாளிகளிடம்தான் இந்த மறதி இன்னும் அதிகமாக இருந்தது.

யோசித்தால் காரணம் புரிகிறது. டியூப் போட ஒரு நெருக்கடி வேண்டும், ஓர் உத்தரவு வேண்டும். அது அப்படியே இருப்பதற்கு எந்த உத்தரவும் வேண்டாம். போடச் சொன்னவர் ஐ.சி.யூ டாக்டர். வார்டு டாக்டருக்கு அது ஏற்கெனவே இருந்த ஒன்று. சிஸ்டருக்கோ, டாக்டர் சொல்லாமல் எடுக்க அதிகாரம் இல்லை. வீட்டுக்காரர்களுக்கு, பெரியவர்கள் போட்டிருக்கிறார்கள், காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்கிறார்கள். எடுப்பது யாருடைய வேலையும் இல்லை.

2008 அக்டோபரிலிருந்து அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம், ஆஸ்பத்திரியில் டியூப்பால் வந்த இன்ஃபெக்‌ஷனுக்கான கூடுதல் செலவைத் தர முடியாது என்று சொல்லிவிட்டது. பிறகு அங்கே 603 ஆஸ்பத்திரிகளை உள்ளடக்கிய ஒரு பெரிய முயற்சி நடந்தது. தினமும் இந்த டியூப் தேவையா என்று சரிபார்ப்பது, போடும்போது சுத்தத்தைக் கடைப்பிடிப்பது, ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது என்று எளிய வேலைகள்தான். 2016-ல் வெளியான அதன் முடிவுகளின்படி, ஐ.சி.யூ அல்லாத வார்டுகளில் இந்தத் தொற்று 32 சதவிகிதம் குறைந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. கேள்வி கேட்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்தார்கள்.

'ஆர்... ஆர்... ஆர்...'

மூன்றாவது நாள் ஆயாவின் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் பரிசோதனை அது. மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும். பக்கத்தில் 'எஸ்' என்று இருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி பணியும். 'ஆர்' என்று இருந்தால் பணியாது. ஆயாவின் தாளில் மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்றே வந்தது. கடைசியில் மூன்று பெயர்களுக்கு மட்டும் எஸ். மூன்றும் ஊசிகள். மாத்திரை எதுவும் இல்லை.

இந்தக் கதைக்கும் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. 2010-ல் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியான ஓர் ஆய்வு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீரியமான ஆன்டிபயாடிக் ஊசிகளையும் செயலிழக்க வைக்கும் 'என்.டி.எம்-1' என்ற நொதியைக் கொண்ட கிருமிகள் இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டனில் பரவியிருப்பதாகச் சொன்ன ஆய்வு அது. அதன் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்தக் கிருமி கிடைத்திருந்தது. யூரின் இன்ஃபெக்‌ஷனோடு வந்தவர்களின் மாதிரிகளும் அவற்றில் உண்டு. நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் இந்தியாவில் பெரிய சர்ச்சை கிளம்பியது. இரண்டு வருஷம் கழித்து, 2012 ஆகஸ்ட்டில், நாட்டின் பல மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்குகளைக் கண்டபடி பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த 'சென்னைப் பிரகடனம்' கொண்டுவந்தன.

டியூப்பும் இந்த எதிர்ப்புச் சக்தியும் ஒன்றுக்கொன்று துணை. டியூப் இருப்பவரின் சிறுநீரைச் சோதித்தால் கிருமி இருக்கத்தான் செய்யும். ஜுரமோ வேறு தொந்தரவோ இல்லாதபோது அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுப்பதில் பெரும்பாலும் பலன் இல்லை. மருந்துக்குப் பழகிய கிருமிகள் மட்டும் மிஞ்சும். அடுத்த முறை நிஜமான இன்ஃபெக்‌ஷன் வரும்போது தாள் முழுக்க 'ஆர்' வரும். 'டியூப் இருக்கே, எதுக்கும் இருக்கட்டும்' என்று மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிக் கொடுக்கும் மாத்திரைக்கும் இதே கதிதான்.

ஆயாவுக்கு வேளாவேளைக்கு ஊசி போட்டுப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஸ்ட்ரோக்குக்கு ஆனதைவிட இந்த ஜுரத்துக்கு ஆன செலவு அதிகம். அம்மாவின் இரண்டு வளையல் இன்னும் அடகுக் கடையிலிருந்து வரவில்லை.

யார் தூக்குவது?

ஜுரம் இறங்கிய நான்காவது நாள் டாக்டர் டியூப்பை எடுத்துவிட்டார். ஆறு மணி நேரத்துக்குள் யூரின் போக வேண்டும், போகாவிட்டால் சொல்லுங்கள் என்றார். முன்பெல்லாம் எடுப்பதற்கு முன் டியூப்பைக் கிளாம்ப் போட்டு மூடி மூடித் திறந்து 'பழக்குவார்கள்'. சில நாள்கள் மட்டும் இருந்த டியூப்புக்கு அது தேவையில்லை என்று இப்போதைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நான்கு மணி நேரத்தில் ஆயாவுக்கு யூரின் வந்தது. படுக்கை முழுக்க வந்தது. வார்டில் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். ஆயா அழுதார்.

டியூப் ஏன் வீடுகளில் நீடிக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கையாள். டியூப் இருந்தால் பையை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை காலி செய்தால் போதும். இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் தூக்கி உட்கார வைக்க வேண்டும். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. நான் காலை ரயிலைப் பிடித்தால் ராத்திரிதான் திரும்புவேன். மிச்சம் இருப்பது அம்மா. அவருக்கு முதுகு வலி. "இருந்துட்டுப் போகட்டுமேக்கா, உங்களுக்கும் ஈஸிதானே" என்று அக்கறையோடு சொன்னவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பெண்ணின் முதுகையும் இன்னொரு பெண்ணின் சிறுநீர்ப்பையையும் தராசில் வைக்கும் நிலைமையில்தான் பல வீடுகள் இருக்கின்றன.

ஆயாவும் தன் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டிருந்தார். தண்ணீர் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வார். "எனக்கின்னாத்துக்குத் தண்ணி? குடிச்சா அவதானே தூக்கணும்?" மருமகளுக்குச் சிரமம் கூடாது என்று தாகத்தை அடக்கினார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் குறையும், கிருமி கழுவப்படாது, மலமும் இறுகும். மலச்சிக்கல் இருந்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தி, யூரின் முழுசாகப் போவதையும் தடுக்கும். ஆயாவின் அன்பு அவருக்கே எதிராக வேலை செய்தது.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் எங்களுக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். வாடகைக்கு ஒரு கமோடு சேர். கட்டிலின் வலது பக்கம், அதாவது ஆயாவின் நல்ல கை இருக்கும் பக்கம், அதை ஒட்டிப் போட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை, வருகிறதோ இல்லையோ, உட்கார வைக்க வேண்டும். தண்ணீரில் பெரும்பகுதியை மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும். புடவைக்குப் பதில் நைட்டி. அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். இடுப்பில் அகலமான துணியைக் கட்டி அதைப் பிடித்து எழுப்ப வேண்டும். அம்மாவுக்கு முதுகு தப்பித்தது அந்தத் துணியால்தான்.

அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் இல்லாத நாள்களில் ராத்திரி முறை அவருடையது. முதல் இரண்டு நாள் ஆயா ஒத்துக்கொள்ளவே இல்லை. "புள்ளை கையால இதெல்லாமா?" என்றார். "சின்னதுல நீ எனக்கு எத்தினி தடவை பண்ண?" என்று அப்பா கேட்டதும் பேசாமல் இருந்துவிட்டார். முதல் வாரம் தினமும் இரண்டு மூன்று பெட்ஷீட் நனைந்தது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மதியம் ஆயாவே "வருது" என்றார். பேச்சுப் பயிற்சியில் திரும்பக் கிடைத்த சொற்களில் எங்கள் வீட்டுக்கு மிகவும் பயன்பட்ட சொல் அதுதான்.

டியூப் எப்போது வேண்டும்?

இதைப் படித்துவிட்டு யாரும் டியூப்பே கூடாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். யூரின் அடைத்துக்கொண்டு வேறு வழியில் வெளியேற்ற முடியாதபோது, கவலைக்கிடமான நிலையில் மணிக்கணக்கில் சிறுநீரை அளக்க வேண்டியிருக்கும்போது, படுக்கைப் புண்ணில் யூரின் பட்டு ஆறாமல் இருக்கும்போது, கடைசிக் காலத்தில் ஒருவருக்கு அது நிம்மதி தரும்போது டியூப் தேவைதான். அடக்க முடியாமல் போவது மட்டும்தான் பிரச்னை என்றால், ஆண்களுக்கு வெளியே மாட்டும் காண்டம் கதீட்டர், யூரின் கேன், டயபர், கமோடு சேர் என்று வேறு வழிகள் உண்டு. சிலருக்கு, தேவைப்படும்போது மட்டும் டியூப் போட்டு உடனே எடுத்துவிடும் முறையும் ஒத்துவரும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. டியூப்பை நாமே இழுத்து எடுக்கவே கூடாது. உள்ளே பலூன் உப்பியிருக்கும். இழுத்தால் பாதை கிழிந்து ரத்தம் கொட்டும்.

வீட்டில் டியூப் இருந்தால்...

* பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. நோயாளியை நகர்த்தும்போது பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேல் வைக்காதீர்கள். சிறுநீர் திரும்ப உள்ளே போகும்.
* டியூப் மடங்கியோ, உடம்புக்கு அடியில் நசுங்கியோ கிடக்கிறதா என்று ஒவ்வொரு முறை திருப்பிப் படுக்க வைக்கும்போதும் பாருங்கள்.
* பையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முழுசாக நிறையும் முன் காலி செய்யுங்கள். பையின் வாய் பாத்திரத்தில் படக் கூடாது.
* டியூப்பும் பையும் சேரும் இடத்தைத் தேவையில்லாமல் கழற்றாதீர்கள்.
* தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டு அந்த இடத்தைச் சுத்தம் செய்தால் போதும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். டெட்டால் போன்றவை வேண்டாம்.
* சிறுநீர் கலங்கலாக இருப்பதும் நாற்றம் வருவதும் மட்டுமே இன்ஃபெக்‌ஷன் ஆகிவிடாது. குளிர் ஜுரம், அடிவயிற்றிலோ விலாப் பக்கமோ வலி, ரத்தம், திடீர் உளறல், அசாதாரண மயக்கத் தூக்கம், பையில் சிறுநீரே இறங்காமல் இருப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* பை ஊதா நிறமாகிவிட்டதென்று சிலர் பயந்துபோவார்கள். மலச்சிக்கலோடு நீண்ட நாள் டியூப் வைத்திருப்பவர்களுக்குச் சில கிருமிகளால் அப்படி நிறம் மாறும். ஆபத்தான நிறம் இல்லை என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.
* டெஸ்ட்டுக்குப் பையிலிருந்து சிறுநீர் எடுத்துக் கொடுக்காதீர்கள். அதை எடுக்க முறை இருக்கிறது, சிஸ்டருக்குத் தெரியும்.

கைக்கு ஆள் இல்லாத வீடுகளுக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் உதவும். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தினமும் காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடமோ சிஸ்டரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள். "இந்த டியூப் இன்னைக்கும் வேணுமா?" வேண்டும் என்றால் எதற்காக என்று கேளுங்கள். டியூப்போடுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் போட்ட தேதி, போட்ட காரணம், எடுக்க வேண்டிய தேதி மூன்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். ரெண்டாவது ஆஸ்பத்திரியில் அம்மா தினமும் கேட்டார். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாவது நாள் "இன்னைக்குக் கேக்கலையாம்மா?" என்று சிஸ்டரே சிரித்துக்கொண்டு கேட்டார். மறுநாள்தான் எடுத்தார்கள்.

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று ஆயாவிடம் சொன்னேன். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடக்கிறார். இடது கை இன்னும் முழுசாக வரவில்லை.

"ஒண்ணுக்குப் போறதையெல்லாமா பேப்பர்ல எழுதுவாங்க?" என்றார்.

எழுதுவாங்க ஆயா என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எழுது. ஆனா எம் பேரைப் போட்ராத."